கூலரில் குறை இல்லை

கூலரில் ஒரு குறையும் இல்லை, சார். முதலில் அதை மட்டும் திருத்திவிடுங்கள். உங்கள் அறிக்கையில் "தரம் குறைந்த ஆயில் கூலர் பொருத்தியதால் ஏற்பட்ட தீ விபத்து" என்று இருக்கிறது. பேப்பரிலும் அப்படியே போட்டுவிட்டார்கள். நான் பதினாறு வருஷமாக லீக் டெஸ்ட் பார்க்கிறவன். அந்தக் கூலர் காரின் முன் மூக்கில் இருந்தது, தீ அதுவரை போகவில்லை. கழற்றிக் கொண்டுவந்து காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஒரு குமிழி கிளம்பாது.

நாற்பது நாளாக என்னை யாரும் தேடவில்லை. விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். நானாகத்தான் வந்திருக்கிறேன். தப்பான காரணம் ஃபைலில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டீ வேண்டாம், நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பெயர் தமிழ்வாணன், வயது நாற்பத்து நாலு. ஊர் செங்கல்பட்டு. மறைமலைநகரில் கார்களுக்கு ரேடியேட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. இறந்துபோன கண்ணகி என் தங்கை. அவள் புருஷன் துரையும் அதே கம்பெனிதான், பேக்கிங் செக்‌ஷன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

கண்ணகிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் போய்விட்டது. இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். அப்பா செத்தபோது அவள் எட்டாவது. அப்போதிலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனது நான். தொண்ணூறில் அவளுக்குத் திருக்கழுக்குன்றம் பத்திரப்பதிவு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஸ்கூட்டர் வாங்கினேன். பின் சீட்டு அவளுக்கு உறுத்தும் என்று பஞ்சு வைத்து ஒரு சின்ன மெத்தை தைத்துக் கட்டினேன். காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் போய்க் கூட்டி வருவேன். அதற்காகவே கம்பெனியில் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். இப்படிப் பதினாலு வருஷம். ஒரு நாள்கூட அவள் ஆபீஸுக்கு லேட்டாகப் போனதில்லை. அந்த ஆபீஸில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

துரையைப் பார்த்துப் பிடித்ததும் நான்தான். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் சம்பளம் பார்ப்பார்கள், நிலம் பார்ப்பார்கள். நான் கேன்டீனில் ஆறு மாதம் அவனைக் கவனித்தேன். எதிர்த்துப் பேசமாட்டான். குழம்பில் உப்பில்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவான். இவன் நம் பேச்சைத் தட்டமாட்டான் என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை ஆபீஸுக்குக் கூட்டிப்போவது என் வேலையாகவே இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2004-இல் அவன் கார் வாங்கினான். செகண்ட் ஹேண்ட், ஆட்டோமேட்டிக் கியர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகு ஓட்டிவந்து என் வாசலில் நிறுத்தி, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"மச்சான், இதுல கிளட்ச்சே கிடையாது. வலது காலு ஒண்ணு போதும். நம்ம கண்ணகி அவளே ஓட்டிகினு போவலாம். நீயும் எவ்ளோ நாளைக்குத்தான் அலையுவ."

நல்ல எண்ணத்தில் சொன்னான். நான் அதை மறுக்கவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தேன், ஆயில் பார்த்தேன், ரேடியேட்டர் பார்த்தேன், வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என் வாயில் பொய் வராது.

அவள் லைசென்ஸ் வாங்கிய மாதம் ஐப்பசி. நல்ல மழை. பழக்க தோஷத்தில் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். தொப்பலாக நனைந்துவிட்டேன். அவள் காரை வெளியே எடுத்து என் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். "இன்னாண்ணே, இந்த மழையில வந்து நின்னுகினு கீற? ஸ்கூட்டர வாச்மேன் கிட்ட வுட்டுட்டு ஏறு. நான் கொண்டுபோய் வுடறேன்" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். சீட்டு நனைந்துவிடும் என்று முன்னால் தள்ளி உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு கையால் ஸ்டீயரிங் பிடித்தாள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, மெத்தையைக் கழற்றிப் பரணில் போட்டேன். அடுத்த வாரமே பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

துரையோடு அவள் கஷ்டப்பட்டாள் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆதாரம் கேட்பீர்கள். அவள் இளைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இருந்தவரை மெதுவாகச் சிரிப்பாள், அங்கே போன பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள். இயல்பாக இருக்கிறவர்கள் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருவிடந்தை கோவில், மாமல்லபுரம் கடற்கரை என்று காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கால் இல்லாதவளை இப்படியா அலைக்கழிப்பது. பக்கத்து வீட்டுச் சாரதாம்பாள் மாமி, "உங்க தங்கை இப்பத்தான் முகம் தெளிஞ்சு இருக்கா" என்பார். வெளியாட்களுக்கு என்ன தெரியும். அவளைத் தூக்கிச் சுமந்தவன் நான்.

சரி, கூலர் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் வெயில் காலத்தில் அந்தக் கார் சூடாக ஆரம்பித்தது. ஆட்டோமேட்டிக் கியரில் சிவப்பு ஆயில் ஓடும். நின்று நின்று போகிற நெரிசலில் அது கொதித்துவிடும். கொதித்தால் கியர் வழுக்கும், வண்டி இழுக்காது. மெக்கானிக் முனிசாமி பார்த்துவிட்டு, தனியாக ஒரு கூலர் போட்டால் சரியாகிவிடும் என்றான். துரை நேராக என்னிடம் வந்தான். "எனக்கு இதெல்லாம் இன்னா தெரியும் மச்சான். நீ பாத்து ஒண்ணு எட்து குடு."

கூலர் வாங்குகிறவர்கள் எல்லோரும் சைஸைத்தான் பார்ப்பார்கள். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள். பெரிதை முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைத்துவிடும், அப்புறம் இன்ஜின் சூடாகும். மலிவான ரகத்தில் ஒரே குழாய் வளைந்து வளைந்து போகும், நெரிசலில் அது போதாது. தட்டுத் தட்டாக அடுக்கிச் செய்த ரகம்தான் சரி. சின்ன இடத்தில் அதிகச் சூட்டை வாங்கும், ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் அடைக்காது. புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைந்தேன். பதினோரு கூலர் பார்த்தேன். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, ஊதிப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தேன். அதைவிட நல்ல கூலர் அந்தக் காருக்கு இந்த மாவட்டத்தில் கிடைத்திருக்காது.

அதைப் பொங்கல் சீராகக் கொடுத்தேன். வருஷா வருஷம் அரிசி, வெல்லம், கரும்பு, புடவை வைத்துக் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கொத்து, அதற்கு நடுவில் கூலர். கண்ணகி பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாள். சீராகக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிறந்த வீட்டுச் சீரை யாரும் சோதித்துப் பார்க்கமாட்டார்கள். தராசில் நிறுத்துப் பார்த்தால்கூட அவமரியாதை. மச்சான் தன் கையால் மாட்டிக் கொடுத்த சீரை, இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்கிற ஆள் துரை இல்லை.

போகிப் பண்டிகை அன்று என் வீட்டு வாசலில் வைத்து மாட்டினேன். கியர் பெட்டியிலிருந்து வருகிற இரும்புக் குழாயை ஒரு இடத்தில் அறுத்து, அதில் ரப்பர் ஹோஸ் சொருகி, கூலருக்குக் கொண்டு போக வேண்டும். அறுத்த குழாயின் நுனி வழவழப்பாக இருக்கும். அப்படியே ஹோஸைச் சொருகினால் பிடிமானம் இருக்காது. நுனியைச் சுற்றி ஒரு சின்ன மேடு எழுப்ப வேண்டும். எங்கள் ஷாப்பில் அதற்கு உதடு என்று பெயர். உதடு இருந்தால் ஹோஸ் அதைத் தாண்டி உட்கார்ந்துகொள்ளும், கிளிப் போட்டு முறுக்கிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. உதடு எழுப்புகிற கருவி என்னிடம் இருக்கிறது. அன்று என் டூல் பெட்டியில்தான் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

நான் உதடு எழுப்பவில்லை. கிளிப்பை முக்கால்வாசி முறுக்கினேன். ஜாயிண்டை முன்னால் ரேடியேட்டர் பக்கத்தில் வைத்திருக்கலாம், அங்கே நிறைய இடம் இருந்தது. பின்னால், இன்ஜினிலிருந்து சைலன்சர் குழாய் இறங்குகிற இடத்துக்கு நேர் மேலே வைத்தேன். ஹோஸ் கழன்றால் ஆயில் அந்தக் குழாய் மேல் பீய்ச்சி அடிக்கும். வண்டி ஓடி ஓடிக் குழாய் பழுக்கச் சூடாகியிருக்க வேண்டும். நெரிசலில் அரை மணி நேரம் போதும் என்பது என் கணக்கு.

மாட்டுப் பொங்கல் அன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். சாரதாம்பாள் மாமி சொல்லிக் கொடுத்து அவளும் கணுப்பிடி வைப்பாள். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும் வெள்ளைச் சோறும் பிடி பிடியாக வைத்து, உடன்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது. எனக்காக வைத்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தாள். காருக்கு அடியில், கோலத்தின் மேல் நாலைந்து சிவப்புச் சொட்டு.

"அண்ணே, இது இன்னா சேப்பா கீது?"

"புது ஜாயிண்ட்டு. மொதல்ல அப்டித்தான் கசியும். தானா நின்னுடும்."

துணி வாங்கித் துடைத்தேன். கோலம் கொஞ்சம் கலைந்தது, அவளே மாவு போட்டுச் சரிசெய்தாள். முனிசாமி அப்போது அந்தப் பக்கமாக வந்தான். அவனுக்கு எண்ணெய் வாசம் பட்டுவிட்டது போலிருக்கிறது. "நம்ம ஷெட்டுக்கு ஒருவாட்டி கொண்டா அண்ணாத்த, லிஃப்ட்ல ஏத்தி அடியில பாத்துர்லாம்" என்று துரையிடம் சொன்னான். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

துரை சிரித்தான். "அட போ முனிசாமி. மச்சான் சீரா குட்த்தது, அவுரு கையால போட்டது. அத உங்கிட்ட காட்டி சரி பாத்தா நல்லாவா இருக்கும்? அவுருக்கு தெரியாததா உனுக்கு தெரிஞ்சிரப் போவுது?"

முனிசாமி போய்விட்டான்.

என் எண்ணம் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் லீவு நாலு நாளும் வண்டி வாசலில் நிற்கும் என்று நினைத்தேன். லீவு முடிந்து துரை அதை எடுத்துக்கொண்டு மறைமலைநகருக்கு வேலைக்குப் போவான். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் புகை வரும். அவனுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது, கதவைத் திறந்து இறங்கி ஓடிவிடுவான். கார் மட்டும் போகும். இன்னொரு கார் வாங்க அவனால் முடியாது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. கண்ணகியைச் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் சீர் என்றால் என்ன என்று நான் மறந்துவிட்டேன். சீர் மாப்பிள்ளைக்கு உரியது இல்லை, பெண்ணுக்கு உரியது. புதுப் புடவையை முதலில் அவள்தானே கட்ட வேண்டும். காணும் பொங்கல் அன்று காலை துரை அதைத்தான் சொன்னான். "பொறந்த வூட்டு சீரு. மொத மொத அவதான் ஓட்டணும் மச்சான். மாமல்லபுரம் வரைக்கும் போய்ட்டு வந்துர்றோம்." காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே பந்தோபஸ்துக்கு நின்றிருப்பீர்கள். திருக்கழுக்குன்றம் தாண்டினால் வண்டி ஊர்ந்துதான் போக முடியும்.

அவள் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவள் ஏறுவதும் இறங்குவதும் அப்படித்தான். துரை பக்கத்தில் ஏறினான். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணாடி இறங்கியிருந்தது. நான் ஜன்னலில் கை வைத்து நின்றேன்.

"நீயும் வாயேண்ணே. பின்னால எடம் கீது."

கிளிப் லூஸாக இருக்கிறது, இறங்கு என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஏன் லூஸாக இருக்கிறது என்று துரை கேட்கமாட்டான், அவனுக்குக் கேட்கத் தெரியாது. அவள் கேட்பாள். நீயா இப்படிப் போட்டாய் என்று என் முகத்தைப் பார்ப்பாள். அதை நினைத்துப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன். "வேல கீது. நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவள் ஹாரன் அடித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து மெத்தையை எடுத்தேன். தூசி தட்டி, ஸ்கூட்டரின் பின் சீட்டில் கட்டினேன். அவர்கள் பின்னாலேயே போனேன். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால் அந்தக் கூட்டத்தில் அவள் எப்படி வீடு திரும்புவாள். யாராவது கூட்டி வர வேண்டாமா.

திருக்கழுக்குன்றம் தாண்டி இருபத்தைந்து நிமிஷம் வண்டிகள் ஊர்ந்தன. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வேன், இரண்டு கார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கிப் பார்த்தால் அந்தக் காரின் பின் கண்ணாடியில் துரையின் தலையும் அவள் தலையும் தெரிந்தன. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஹாரன் அடித்தால் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று இரண்டு தடவை கட்டைவிரலை ஹாரன் மேல் வைத்தேன். முதலில் வெள்ளைப் புகை வந்தது. கார் கொஞ்சம் உறுமிவிட்டு நின்றுவிட்டது, ஆயில் போய்விட்டால் அப்படித்தான். நான் கணக்குப் போட்டது போலவே எல்லாம் நடந்தது. துரை இறங்கி முன்னால் ஓடி, பானட்டைத் தூக்கினான். அதைச் செய்திருக்கக் கூடாது, காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது. அவன் கத்தினான். அவள் கதவைத் திறந்துவிட்டாள். காலைத் தூக்கி வெளியே வைப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்தாள். காலிப்பரின் கம்பி பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். சைடு ஸ்டாண்ட் போடவில்லை. அவள் ஏறுவதற்குச் சென்டர் ஸ்டாண்ட்தான் வசதி. ஓரமாகத் தள்ளி, மண் இறுகலாக இருக்கிறதா என்று பார்த்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். மீதி உங்கள் பிரேத விசாரணை அறிக்கையில் சரியாகத்தான் இருக்கிறது.

துரையின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். தினமும் போய் நான்தான் சோறு ஊட்டுகிறேன். நேற்று உங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினேன். "அவுங்க இன்னாவோ எழ்திக்கினு கீறாங்க மச்சான். நீ போட்ட கூலருல கொற இருக்காது" என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இன்று காலையில் கிளம்பி வந்தேன்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். கேட்க நினைப்பதைக் கேளுங்கள்.

ஆமாம் சார். நான் முன்பு சொன்னதை, துரை காரை வேலைக்கு எடுத்துப் போவான் என்று சொன்னதை, நீங்கள் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியும். வாங்கிய அன்று என் வாசல் வரை ஓட்டி வந்தானே. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஓட்டினான் என்று கேட்கிறீர்கள்.

ஒரு நாளும் இல்லை.

எங்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. காலை ஆறு பத்துக்கு முக்கில் வந்து நிற்கும். இரண்டு வருஷமாக இடது பக்கம் நாலாவது சீட்டில் ஜன்னலோரம் துரை உட்காருவான், அவன் பக்கத்தில் நான்.